கிணற்றுக் கப்பியும் மருதாத்தாளின் தோளும்

எங்கள் வீட்டுக் கிணறு கொஞ்ச காலம் கப்பி இல்லாமல் இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் என் மாமியார் நாச்சம்மாள், "துருப்புடிச்சுப் போச்சுங்க, அதான் கழட்டிப் போட்டாச்சு" என்று சொல்லிவிடுவார். சுத்தப் பொய். கப்பி நல்ல கப்பி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தமில்லாமல் ஓடும். அது மாட்டுக் கொட்டகை விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏன் அங்கே தொங்கியது என்று சொன்னால் மருதாத்தாளைப் பற்றிச் சொன்னதாகிவிடும்.

மருதாத்தாள் என் கணவரின் அண்ணன் காளிச்சாமியின் மனைவி. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். பாலக்காட்டுச் சீமையில் பெருமாட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கடலை, தண்ணீர் இருந்தால் நெல். அக்கா நல்ல உயரம், வேலையில் அசுரத்தனம், பேச்சில் கஞ்சத்தனம். காட்டுக்குச் சோறு கொண்டுபோகும்போது தலையில் கூடை இருக்கும், இடுப்பில் தண்ணீர்க் குடம் இருக்கும். கூடையைக் கையால் பிடித்து நான் பார்த்ததே இல்லை. வாய்க்கால் வந்தால் அப்படியே எட்டித் தாண்டுவாள். பின்னால் வரும் நான்தான் நின்று பலகை தேடுவேன்.

அவளுக்கு ஒரே தம்பி, சென்னிமலை. அவன் பால்குடி மறக்குமுன்னே தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாவாடை கட்டுகிற வயதில் இவள்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அவனுக்கு ஒரு தும்மல் என்றால் இவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட தம்பிக்கு எழுபத்தாறாம் வருஷம் வைகாசியில் பெண் அமைந்து, உப்புச்சர்க்கரை மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று உறுதி செய்தார்கள்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் நின்று செய்யும் சீர் அது. ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறும். அக்காவின் பிறந்த ஊரில், சீர்க்காரி கூறைச்சேலை உடுத்தி, பேழை என்கிற மூங்கில் கூடையைத் தலையில் வைத்து, வலது கையால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது கையில் நீர்ச்செம்போடு தம்பியை மூன்று சுற்றுச் சுற்றி வர வேண்டும். பேழையில் முளைப்பாலிகையும் மங்கலச் சாமானும் இருக்கும். அது கீழே விழுந்தால் குடித்தனம் விளங்காது என்று ஒரு பயம். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் கிடைக்கும் மரியாதை எத்தனை என்று யோசித்தால், எங்கள் கூட்டத்தில் இதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உப்புச்சர்க்கரை மாற்றிய அந்த வாரமே அக்கா வைக்கோல் போர் மேலிருந்து விழுந்தாள். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்க ஏறியவள், சரிந்து, வலது தோள் தரையில் அடிக்க விழுந்தாள். நான் ஓடிப் போய்த் தூக்கினேன். அழவில்லை. முகம் மட்டும் சாம்பலாக இருந்தது.

பாலக்காடு போகிற வழியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. மலையாளி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோளுக்குக் கொஞ்சம் கீழே எலும்பு கீறல் விட்டிருக்கிறது, விலகவில்லை என்றார். "பேடிக்கண்டா", பயப்பட வேண்டாம் என்று சொல்லிக் கையை மடக்கிக் கழுத்தோடு தொட்டில் கட்டிவிட்டார். அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"ஆவணிக்குள்ள இந்தக் கை தலைக்குப் போகுமுங்களா?"

டாக்டர், கட்டுத் தளர்த்தும் நாளில் பின்கட்டில் இருக்கும் அன்னமேரியிடம் போகச் சொன்னார். அது ஒரு நல்ல பதில் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

அன்னமேரி உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். அதற்கென்று வேலூர்ப் பக்கம் போய்ப் படித்தவள். இடுக்கியில் சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். தமிழ்தான், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. எங்கள் இழுவைக்கு அவள் சிரிப்பாள், அவள் பேச்சுக்கு நாங்கள் சிரிப்போம். முதல் நாள் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, ரெண்டு வலி இருக்கு பாத்துக்கிடுங்க. ஒண்ணு இழுக்குத வலி. அது வந்தா பயப்படாம அங்கனயே நின்னு மூச்ச விடுங்க. இன்னொண்ணு குத்துத வலி. அது வந்துச்சுன்னா கைய உடனே இறக்கிரணும். வீம்புக்கு ஏத்தக் கூடாது. வேற யாரும் புடிச்சு இழுக்கவும் கூடாது. கேட்டீகளா?"

"கேட்டேனுங்க. ஆவணிக்குள்ள..."

"ஆவணி புரட்டாசியெல்லாம் எலும்புக்குத் தெரியாதுக்கா. செஞ்சது ராத்திரி வரைக்கும் நொந்துச்சுன்னா மறுநா பாதிதான் செய்யணும். அது போதும்."

முதல் பயிற்சி இதுதான். இடது கையால் ஒரு திண்டைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து, வலது கையைச் சும்மா தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். முன்னும் பின்னும், பிறகு சின்ன வட்டம். வீட்டில் ஆண்கள் நடமாடும் இடத்தில் ஒரு பெண் குனிந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்க முடியுமா? அக்கா மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். தீவனத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஆட்டினாள். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ளெ இது, கட்டிப்போட்ட யானையாட்ட ஆடிட்டு நிக்கறே?"

"ஆஸ்பத்திரில சொல்லியுட்டதுங்க அத்தெ."

"நாங்கல்லாம் கையொடியாமயா இருந்தோம்? பத்துப் போட்டு ரெண்டு மாசத்துல களையெடுக்கப் போயிட்டோம்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வீடுகளில் ஒரு பெண் நாளெல்லாம் குனிந்து நாற்று நடலாம், சாணி அள்ளலாம், யாருக்கும் உறுத்தாது. தன் உடம்புக்காகக் கொஞ்ச நேரம் குனிந்தால் மட்டும் வேடிக்கை. சொல்ல வாய் வரை வந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டி அடக்கிவிட்டாள்.

அடுத்தது சுவர். சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சுவரில் பதித்து, பல்லி ஏறுகிற மாதிரி விரலாலேயே கையை மேலே நடத்த வேண்டும். இழுக்கும் இடம் வந்ததும் நின்று, மூச்சு விட்டு, அதே வழியாக இறக்க வேண்டும். கொட்டகைச் சுவர் வெள்ளையடித்தது. ஏறிய இடத்தில் நான் அடுப்புக்கரியால் ஒரு கோடு கிழித்து வைப்பேன். கோடு நெஞ்சு மட்டத்தில் தொடங்கியது. ஒரு நாள் ஏறும், இரண்டு நாள் அங்கேயே நிற்கும், ஒரு நாள் இறங்கியும் போகும். இறங்கிய நாளில் அக்கா சாப்பிட உட்கார மாட்டாள். கோடு தாடை மட்டத்துக்கு வந்த அன்று மட்டும் என்னைக் கூப்பிட்டு, "பாரு புள்ளெ" என்றாள். பச்சைக் குழந்தைக்குப் பல் முளைத்ததைக் காட்டுகிறவள் மாதிரி இருந்தது அந்த முகம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கப்பி வந்தது.

அந்த முறை ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு காளிச்சாமி போயிருந்தார். அன்னமேரி அங்கே ஒரு சின்னக் கப்பியில் கயிறு போட்டுக் காட்டியிருக்கிறாள். வீட்டில் உயரத்தில் ஒரு கப்பி கட்டி, கயிற்றின் இரு முனையையும் இரு கையில் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் இழுத்து நோவுள்ள கையை மேலே ஏற்ற வேண்டும். நோவுள்ள கை தானாக ஒரு வேலையும் செய்யக் கூடாது. காளிச்சாமி நல்ல மனிதர், ஆனால் ஒன்றைக் கேட்டால் பாதியை வழியிலேயே விட்டுவிட்டு வருகிறவர். வீட்டில் வந்து சொன்னது, "கப்பில கயிறு இழுக்கோணுமாம்" என்பது மட்டும்தான்.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கெதுக்கு வேற கப்பி? கெணத்துல இல்லையா? தண்ணி சேந்துனாப் போச்சு. கையிக்கும் ஆச்சு, ஊட்டுக்கும் ஆச்சு."

அக்காவுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் வைகாசியிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூட எடுக்காமல் மற்றவள் கையால் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். வேலை செய்யாமல் சோறு தின்பது எங்கள் பெண்களுக்கு எலும்பு முறிவைவிடப் பெரிய நோவு. சும்மா கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்பதைவிட வாளியோடு இழுப்பது அவளுக்கே நியாயமாகப் பட்டிருக்கிறது. அதோடு கை கொஞ்சம் சீக்கிரம் ஏறும் என்ற ஆசை. மறுநாள் காலை நான் கடலைக் காட்டில் இருந்தபோது அவள் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

முதல் வாளி வந்துவிட்டதாம். இரண்டாவது வாளியில், இடது கை கயிற்றை விட்டு மேலே பிடிக்கப் போன நேரம், நிறைந்த வாளியின் கனம் முழுக்க வலது கையில் விழுந்து தோளை வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டது. அவள் போட்ட சத்தம் கடலைக் காட்டுக்குக் கேட்டது. நான் ஓடி வந்தபோது கயிறு முழுக்கக் கிணற்றுக்குள் போயிருந்தது. அக்கா கிணற்றுத் திட்டில் சாய்ந்து, வலது கையை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்தில் நின்று, "ஆஸ்பத்திரில கப்பின்னுதான சொன்னாங்கொ... கப்பின்னுதான சொன்னாங்கொ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் தோள் வீங்கி, தொட்டால் சுட்டது.

ஆஸ்பத்திரியில் மறுபடி படம் எடுத்தார்கள். அது வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. எலும்பு விலகவில்லை என்று டாக்டர் சொன்னதும் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னமேரி எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு பக்கம் நல்ல கை, இன்னொரு பக்கம் நோவுக் கை. நடுவுல வாளி எங்கேருந்துக்கா வந்துச்சு?"

அக்கா தலை குனிந்துகொண்டாள்.

"இந்தத் தடவ தப்பிச்சிட்டீக. எலும்பு இன்னும் முழுசாக் கூடல. இன்னொருக்கா இப்படி வெட்டி இழுத்துச்சுன்னா, கை இந்த மட்டத்தோட நின்னுரும். பொறவு நானும் ஒண்ணும் செய்ய முடியாது, டாக்டரும் ஒண்ணும் செய்ய முடியாது. சோத்துக் கை அக்கா இது." கோபமாகத் தொடங்கியவள் கடைசியில் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளைத் திட்டலாம் என்று வந்திருந்த எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

மறுபடி தொட்டில் கட்டு, பிறகு மறுபடி முதலிலிருந்து. பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "போச்சு" என்றாள். கை போனதைச் சொல்கிறாளா, சீர் போனதைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. ஆடி பிறக்கப் போகிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

வீடு வந்ததும் நடந்ததையெல்லாம் நான் ஒன்று விடாமல் சொன்னேன். வாளி பற்றி அன்னமேரி கேட்டதையும் சொன்னேன். காளிச்சாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய், கிணற்று விட்டத்தில் ஏறி, கப்பியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். மாமியார் பின்னாலேயே ஓடினார்.

"கப்பிய எங்கடா கொண்டு போறே?"

"அவ கையிக்கு."

"அப்ப ஊட்டுக்குத் தண்ணி?"

"எப்படியோ சேந்துங்க ஆத்தா. இது இனி இங்கதான் தொங்கும். இதுல வாளி கட்டறவங்க என்ற மூஞ்சில முழிக்க வேண்டாம்."

அந்த மனிதர் தாயை எதிர்த்துப் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் சித்தூர்ச் சந்தையில் வேறொரு கப்பி வாங்கினால் தீர்ந்துபோகும் விஷயம். என் கணவர் வாங்கி வருகிறேன் என்றார். மாமியார் வேண்டாம் என்றுவிட்டார். "ஒரு கப்பி போதும். நா வெறுங்கையாலயே சேந்திக்கறேன்." மறுநாளிலிருந்து அவரே கிணற்றுத் திட்டில் காலை உதைத்து நின்று, கயிற்றை இரு கையாலும் பிடித்து வாளியை மேலே இழுத்தார். எங்களை அண்டவிடவில்லை. உள்ளங்கையில் கயிறு அறுத்து, தோல் உரிந்து, சோறு பிசையும்போது மனுஷி பல்லைக் கடிப்பது தெரியும். மருமகளிடம் "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை தோல் உரிந்திருக்காது. அது அவருக்கு வராது. தண்ணீர் சேந்தத்தான் வந்தது.

வீக்கம் வடிந்த பிறகு அக்கா திரும்பத் தொடங்கினாள். தொங்கவிட்டு ஆட்டுவது, சுவர், பிறகு கப்பி. வெறும் கயிறு. இடது கை இறங்க வலது கை ஏறும். முன்பெல்லாம் கோட்டைப் பார்த்துக்கொண்டே செய்தவள், இப்போது கண்ணை மூடிக்கொண்டாள். "கோடு தெரிஞ்சா ஆசெ வந்துரும் புள்ளெ" என்றாள். இழுக்கும் வலி வந்தால் நின்று மூச்சு விடுவாள். குத்தினால் அந்த நொடியே இறக்குவாள். நான்தான் பொறுமை கெட்டு, "இன்னுங் கொஞ்சம் ஏத்துங்கக்கா, எட்டிரும்" என்பேன். கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று தலையாட்டுவாள்.

ஆடி முடியும் சமயம் அவள் பெரியப்பா ஆறுச்சாமி வந்தார். அந்தக் கூட்டத்தில் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் அவர். அவர் மகள் கமலாத்தாளும் சென்னிமலைக்கு அக்கா முறைதான். வந்தவர் மோரை வாங்கிக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மருதா, தலைப் பேழையக் கை புடிக்கோணும். அன்னைக்கு எட்டுச்சுன்னா நீ எடு. எட்டலீனா கமலாத்தா எடுப்பா. பேழை உழுந்துதுன்னா நாளைக்கு அந்தப் புள்ளைக ஒண்ணுன்னா உன்னையத்தான் சொல்லுவாங்க. நா உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அக்கா "சரிங்க பெரியப்பா" என்றாள். அவர் போனதும் கொட்டகைக்குப் போய்த் தன் கோட்டைப் பார்த்தாள். கை காதுக்கு மேலே கொஞ்சம் வந்திருந்தது. தலைக்கு மேல் உட்காரும் கூடையின் விளிம்புக்கு அது போதாது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்தக் கொஞ்ச நாளும் வீட்டில் யாருக்கும் யாரோடும் ஒட்டவில்லை. யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. சூடாக எண்ணெய் விட்டு ஒரே அமுக்காக அமுக்கினால் ஏறிவிடும் என்றாள் ஒருத்தி. கமலாத்தாளே வந்து, "நா வேணாப் புடிச்சு மேல தூக்கியுடட்டுமா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணமில்லை, அவளுக்கும் மனது கேட்கவில்லை. அக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று விடிகிற நேரம். பந்தலில் ஒறம்பரையென்று வந்த சொந்தக்காரர் கூட்டம் நிறைந்திருந்தது. சென்னிமலை மணைப் பலகையில் உட்கார்ந்திருந்தான். அக்கா கூறைச்சேலை உடுத்தி வந்து நின்றாள். கமலாத்தாளும் குளித்து முழுகி, ஒரு ஓரமாகத் தயாராக நின்றாள். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறுச்சாமி பேழையை எடுத்து அக்காவின் தலையில் வைத்துவிட்டு ஒரு கையால் தாங்கிக்கொண்டார். "கையெத் தூக்கு மருதா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள். கை மெல்ல ஏறியது. தோள், தாடை, காது. காதுக்கு மேல் வந்து நின்றது. பேழையின் விளிம்பு அங்கிருந்து நாலு விரல்கடை உயரத்தில் இருந்தது. அவள் மூச்சு விட்டாள். இன்னும் ஒரு விரல் ஏறியது. மறுபடி நின்றது. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்.

நீர்ச்செம்பு இன்னும் என் கையில்தான் இருந்தது. அதனால் அவள் இடது கை சும்மா இருந்தது. அது எழுந்து வந்து வலது முழங்கையின் அடியில் பொருந்தியது. ஒரே தள்ளு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் விரல் விளிம்பைப் பிடித்துவிடும், சீர் நடந்துவிடும், தம்பிக்குச் செய்தோம் என்ற பெயர் சாகும்வரை நிற்கும். தோள் என்ன ஆனாலும் அதற்குப் பிறகுதானே. அவள் அதைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் நெற்றி முழுக்க வேர்த்துவிட்டது. நான் கத்தியே இருப்பேன். அதற்குள் அவள் முகம் சுருங்கியது. குத்தியிருக்கிறது.

அவள் இரண்டு கையையும் இறக்கிவிட்டாள்.

கமலாத்தாள் ஒரு அடி முன்னால் வந்தாள். ஆறுச்சாமி பேழையை எடுக்கப் போனார்.

"இருங்க பெரியப்பா," என்றாள் அக்கா. "பேழை கீழ உழுகக் கூடாது, அவ்வளவுதானுங்களே? எனக்குக் கை வேண்டாம். நா நடக்கறேன். நீங்க கையெ எடுங்க."

"வேண்டாம் மருதா. வெளையாட்டில்ல."

"எடுங்க பெரியப்பா," என்றான் பலகையில் இருந்த சென்னிமலை. "எங்கக்கா சுத்தி வந்தாத்தான் நா இங்க உக்காந்திருப்பேன். இல்லீனா எந்திரிச்சுப் போயிருவேன்."

அருமைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் கையை எடுத்தார். நான் அக்காவின் இடது கையில் நீர்ச்செம்பைக் கொடுத்தேன். வலது கையை அவள் வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

முதல் சுற்றுப் போனாள். கழுத்து ஆடவில்லை. காட்டுக்குச் சோறு கொண்டுபோகிற அதே நடை. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இரண்டாம் சுற்றில், மணைக்குப் பின்னால் திரும்பும்போது, விரித்திருந்த ஜமுக்காளத்தின் மடிப்பில் அவள் கால் தட்டியது. பேழை பின்பக்கம் சரிந்தது. கூட்டம் முழுக்க "ஐயோ" என்றது. சரிகிற சாமானைப் பிடிக்கக் கை தானாகப் பாயும், யாருக்கும் பாயும். அவள் வலது கை வயிற்றிலிருந்து துள்ளி எழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பாதி வழியில் அதை நிறுத்தினாள். எப்படி நிறுத்தினாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. கையை நிறுத்தி, முழங்காலை மடக்கி, பேழை சரிந்த பக்கமே தலையையும் கொண்டுபோய் அதன் அடியில் கொடுத்தாள். பேழை ஒரு முறை ஆடி நேராக உட்கார்ந்தது. கொஞ்சம் முளைப்பாலிகை மண் அவள் தோளில் சிந்தியது. அவ்வளவுதான்.

அப்போதுதான் பார்த்தேன், அவளுக்குப் பின்னால் என் மாமியார் நின்றார். எப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாரோ தெரியாது. உரிந்த உள்ளங்கை இரண்டையும் பேழைக்குக் கீழே ஏந்திக்கொண்டு, தொடாமல், மூன்றாம் சுற்று முழுக்க அடி மேல் அடி வைத்து அவள் பின்னாலேயே நடந்தார். சம்பந்தமில்லாதவர் சீரில் நுழையக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அருமைக்காரரே வழி விட்டு நின்றார். சென்னிமலை மாப்பிள்ளைக் கோலத்தோடு தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

கல்யாணம் முடிந்து வந்த மறுநாளே அக்கா கொட்டகையில் கயிற்றைப் பிடித்துவிட்டாள். தம்பி கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன அவசரம் என்று நான் கேட்டேன். "அது அவனுக்கு. இது எனக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு எந்த ஆவணியும் இல்லை. புரட்டாசியில் தன் தலையைத் தானே வாரினாள். ஐப்பசியில் அன்னமேரி அவளைக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இனி ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தா அடிப்பேன்க்கா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூடவே, கனம் தூக்குவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினாள்.

கார்த்திகையில் ஒரு காலை. மாமியார் வழக்கம்போல வாளியோடு கிணற்றடிக்குப் போனார். நானும் பாத்திரம் கழுவ அங்கேதான் இருந்தேன். அக்கா கொட்டகையிலிருந்து கப்பியைக் கொண்டு வந்தாள். கிணற்றுத் திட்டை ஒட்டியிருந்த கல்லில் ஏறி நின்றாள். கனத்தை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் நேராக நீட்டி, விட்டத்தில் இருந்த கொக்கியில் கப்பியின் வளையத்தை மாட்டினாள். விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். கப்பி சத்தமில்லாமல் ஓடியது.

மாமியார் அந்தக் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்தார். அக்கா இறங்கி வந்து வாளிக் கயிற்றைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"குடுங்க அத்தெ. நா சேந்தறேன்."

மாமியார் கயிற்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளு புள்ளெ," என்றார். "கப்பி மாட்டுனது போதும். நடுவுல வாளி கட்டறது நாந்தான்."